அழைக்காமல் வந்த குரல்கள்

பெருமுக்கல் மலையடியில் இருந்த பம்பை கண்ணையனைத் திண்டிவனம் வட்டாரத்தில் அந்நாளில் தெரியாதவர் குறைவு. பம்பை என்பது இரட்டை மேளம். இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் அடிப்பது. ஆனால் கண்ணையன் கல்யாணத்துக்கு மேளம் அடிப்பவர் அல்ல. கல்யாணத்துக்கு முதல் நாள் வேலைதான் அவருடையது.

சுமங்கலியாக இறந்த பெண்ணை எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் முதலில் அவளை ஏரிக்கரையில் வைத்து அழைக்க வேண்டும். கண்ணையன் பம்பை அடித்து அவளை வர்ணித்துப் பாடுவார். வீட்டாரில் யாராவது ஒருவர் மேல் அவள் வருவாள். அவர் வாயால் பேசுவாள், குறை சொல்லுவாள், அழுவாள், வாக்குக் கொடுப்பாள். கரகத்தில் வைத்து வீட்டுக்கு அழைத்துவந்து படையல் போட்டுக் கற்பூரம் காட்டினால் வந்த ஆளை விட்டு நீங்கிவிடுவாள். அதை மலையேறுவது என்பார்கள். அதன்பின் அவளுக்குப் படைத்த சேலையை ஒரு பானையில் வைத்து வீட்டுக் காவலாகக் கும்பிடுவார்கள். மறுநாள் தாலி கட்டலாம்.

நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு சிறிய மிஷன் மருத்துவமனையில் எழுத்தராக இருந்தேன். டாக்டர் கேட்கக் கேட்க நோயாளியின் வரலாற்றை எழுதிக்கொள்வது என் வேலை. கீழே உள்ளதில் பாதி நான் நேரில் கண்டும் கேட்டும் தெரிந்துகொண்டது. மீதி, கண்ணையனும் அவருடைய மச்சான் பெரியசாமியும் பிற்பாடு சொன்னது. ஒருவர் சொல்லி மற்றவர் மறுத்தவற்றை விட்டுவிட்டேன்.

கண்ணையனின் மனைவி வீரம்மாள் 1959ஆம் ஆண்டு காய்ச்சலில் இறந்தாள். பெரியசாமி அவளுடைய தம்பி. கண்ணையனோடு கூடவே போய் உடுக்கை அடிப்பவர். மகள் அம்சாவுக்கு அப்போது பதினைந்து வயது. வீட்டைப் பார்த்துக்கொள்ள, கண்ணையனின் அக்கா முனியம்மாள் வந்து சேர்ந்தாள். அவள் கணவனை இழந்தவள். வீரம்மாள் இருந்தவரை நாத்தனாரும் அவளும் ஒரே அடுப்பில் சமைத்ததில்லை என்பது ஊருக்கே தெரிந்த கதை.

மறு வருஷம் ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு காலை, கண்ணையன் வாசலில் உட்கார்ந்து பம்பைக்கு வார் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சுவருக்கு அப்பால் இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டார்கள்.

“வாரு கட்டறான் பாரு.”

“கட்டட்டும், கட்டட்டும். அறுந்துடும்.”

எழுந்து போய்ப் பார்த்தார். சுவருக்கு அப்பால் ஈர மண்தான் இருந்தது. அதில் காலடிகூட இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். “வந்து பாத்துட்டுப் போறான்” என்றது ஒரு குரல். ஒரு பெண் சிரித்தாள். அன்றிலிருந்து அவர்கள் போகவில்லை. சாப்பிட்டால் சாப்பிடுகிறான் என்றார்கள், படுத்தால் படுக்கிறான் என்றார்கள்.

இன்னொருவர் என்றால் பேயோ செய்வினையோ என்று நினைத்திருப்பார். கண்ணையனும் பெரியசாமியும் தொழில் தெரிந்தவர்கள். பெரியசாமி ஒரு வாரம் யோசித்துவிட்டு முடிவைச் சொன்னார்.

“நம்ம மேலதான் தப்பு மாமா. எந்த வூட்லியோ முழுசா மலையேத்தாம வந்துட்டோம். அது உன் பின்னாலியே வந்துடுச்சி.”

“எந்த வூடுடா?”

“அத எப்பிடிச் சொல்றது? ஒவ்வொரு வூடாப் போய்ப் பாக்க வேண்டியதுதான்.”

அப்படியே புறப்பட்டார்கள். முந்தின இரண்டு மூன்று வருஷங்களில் அழைத்துக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் கற்பூரமும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே போய், வந்தவளை மறுபடி அனுப்பி வைக்கிறோம் என்று நின்றார்கள். அழைத்த பூவாடைக்காரி வீட்டுக்குக் காவலாக இருக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? சிலர் கும்பிட்டு அனுப்பினார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். பனமலையில் பாஞ்சாலி என்று ஒரு அம்மாள் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

“எங்க மாமியாரையா அனுப்ப வந்தீங்க?”

“ஆமாம்மா. ஒரு தாட்டி கற்பூரம் காட்டிட்டுப் போயிடறோம்.”

“ஏன்யா, உசுரோட எந்தலமேல உக்காந்துக்கினு இருந்தாளே, அப்ப எங்கய்யா போயிருந்தீங்க ரெண்டு பேரும்? இப்பத்தான் ஒரு வம்பும் இல்லாம பானைக்குள்ள குந்திக்கினு நல்லது செய்யறா. இப்ப வந்து அனுப்பறாங்களாம்!”

தெருவே சிரித்தது. பெரியசாமியும் சிரித்துவிட்டார். கண்ணையன் சிரிக்கவில்லை. அவர் காதில் ஒரு குரல், “இவனைத்தான் சிரிக்கறாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தச் சுற்றால் குரல்கள் குறையவில்லை, தொழில்தான் குறைந்தது. செய்த வேலையில் தானே குறை சொல்லிக்கொண்டு வருகிறவரை யார் மறுபடி கூப்பிடுவார்கள்?

பிறகு விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் போனார்கள். பெயர் வேண்டாம். கண்ணையன் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டதுமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. “செத்தவங்களைக் கூப்பிடறதும் அவங்களோட பேசறதுமா? உன் தொழிலேதான்யா நோய். அதை விட்டுடு, சரியாப் போயிடும்” என்றார். கண்ணையன் வீட்டுக்கு வந்து பம்பையைத் துணியில் சுற்றி உத்தரத்தில் தொங்கவிட்டார். “மாட்டிட்டான், மாட்டிட்டான்” என்று அந்தக் குரல்காரர்கள் கைகொட்டினார்கள். அடிக்கப் பம்பையும் இல்லாமல், இப்போது நாள் முழுவதும் அவர்கள் பேச்சைக் கேட்பது ஒன்றே வேலை என்று ஆயிற்று. மனதில் நினைப்பதெல்லாம் ஊருக்குக் கேட்கிறது என்று தோன்ற, டீக்கடைக்குப் போவதையும் நிறுத்தினார். கேப்பைக் கூழை முன்னால் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளினார்.

முனியம்மாள் தம்பியைக் கையைப் பிடித்து எங்கள் மருத்துவமனைக்கு இழுத்து வந்தது 1962ஆம் ஆண்டு ஆனியில். சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை மனநோய் பார்க்கும் டாக்டர் ஒருவர் வருவார். சவுரிராயன் என்று பெயர். நடுத்தர வயது, அவசரமாகப் பேசத் தெரியாதவர். பெரியசாமியும் வந்திருந்தார். நான் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

“கண்ணையன், உங்களுக்குச் செத்தவங்க குரல் கேக்குதா?”

“கேக்கும் டாக்டரய்யா. அதான தொழிலு.”

நான் ‘ஆம்’ என்று எழுதப் போனேன். டாக்டர் கையால் தடுத்தார். “இருங்க. அந்த இடம் காலியா இருக்கட்டும். கண்ணையன், தொழில்ல வர்றவங்க எப்படி வருவாங்க?”

“சும்மா வந்துடுவாங்களா? பம்பை அடிக்கணும், வர்ணிக்கணும், தொண்ட கட்டற வரிக்கும் கெஞ்சணும். சிலது அப்பியும் வராது.”

“வந்து பேசினா யாருக்குக் கேக்கும்?”

“ஏரிக்கரையில நிக்கிற அத்தினி பேருக்கும். ஆளு மேல வந்து வாயால பேசறாங்களே.”

“அப்புறம்?”

“கற்பூரம் காட்டினா மலையேறிடுவாங்க.”

“சரி. இப்ப பேசறாங்களே, அவங்க?”

கண்ணையன் யாரிடமோ அனுமதி கேட்பவர்போல ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“இவங்கள யாரும் கூப்புடல டாக்டரய்யா. எனக்கு மட்டுந்தான் கேக்குது. எங்கிட்ட பேசறதும் இல்ல. அவங்களுக்குள்ளியே பேசிக்கிறாங்க, என்னப் பத்தி. இதோ, உங்ககிட்ட நான் சொல்றதக்கூட சொல்லிக்காட்டிக்கினு இருக்காங்க. கற்பூரத்துக்கும் போவல, எதுக்கும் போவல.”

“நீங்க மனசுல நினைக்கிறது?”

“ஊருக்கே கேக்குது.”

டாக்டர் பெரியசாமி பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. இவர் நினைக்கிறது உங்களுக்குக் கேக்குதா?”

“மாமா வாயால சொல்றதே எனக்குப் பாதி கேக்காது டாக்டரய்யா. பம்பை பக்கத்துல நின்னு நின்னு ஒரு காது போயிடுச்சி.”

முனியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணையன் முகத்திலும் ஒரு கீற்று வந்து போனது. டாக்டர் அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“உங்க வீட்டுக்காரம்மா இறந்துட்டாங்கன்னு சொன்னீங்க. அந்தக் குரல்ல அவங்க இருக்காங்களா?”

“இல்ல.” கண்ணையன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “அதான் டாக்டரய்யா எனக்குப் பேஜாரே. ஊர்ல செத்தவங்கள எல்லாம் கூப்புட்டுக் குடுத்தவன் நான். எவன் எவனோ பேசறான் காதுல. எனக்குன்னு இருந்தவ ஒரு வார்த்த பேசல.”

அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் எனக்கு விளக்கினார். நான் எழுதுவதில் பிழை வரக் கூடாது என்பதற்காக அவர் எப்போதும் அப்படிச் செய்வார். மனைவி இறந்த துக்கம் என்று சொல்லிவிடலாமா? துக்கத்தில் கேட்கும் குரல் இறந்தவளுடையதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இவருக்கு அது ஒன்றுதான் கேட்கவில்லை. சாமி வருவதைப் போன்றது என்று ஒதுக்கலாமா? அது ஊர் கூடி அழைத்து, எல்லாரும் பார்க்க வந்து, முறைப்படி போய்விடுவது. இது யாரும் அழைக்காமல் ஒருவருக்குள் மட்டும் வந்து, போகாமல் தங்கிவிட்டது. தன்னைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்ளும் குரல்கள், தன் நினைப்பு வெளியே பரவுகிறது என்ற எண்ணம், இவையெல்லாம் சேர்ந்து இருந்தால் ஸ்கிசோஃப்ரீனியாவை நினைக்க வேண்டும் என்றார். மனச்சிதைவு என்று இன்று சொல்வது அதைத்தான். அதற்குள்ளும் வகைகள் உண்டு என்றார். சிலர் வைத்த இடத்தில் கல்லாக உறைந்து நிற்பார்கள். சிலர் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சிலர் ஓசையில்லாமல் ஒடுங்கிக்கொண்டே போவார்கள். கண்ணையனைப் போல் குரல் கேட்பதும் பிறரைச் சந்தேகிப்பதுமாக உள்ளவர்கள் ஒரு வகை.

“அந்த வகைன்னு எழுதி, பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடுங்க. அடுத்த மாசம் பார்த்துட்டு எடுக்கலாம். இந்த வகையெல்லாம் நாங்க பிரிச்சு வச்சது, ஆள் அதுக்குள்ள அப்படியே அடங்கிட மாட்டார்” என்றார். பிறகு ஒன்று சொன்னார். “பம்பை அடிக்கிறார்ங்கறதைத் தொழில்ங்கற இடத்துல எழுதுங்க. நோய்க்குறிங்கற இடத்துல எழுதாதீங்க.”

மாத்திரை என்றதும் தகராறு வந்தது. கண்ணையன் வேண்டாம் என்று எழுந்துவிட்டார். அம்சாவை விழுப்புரத்தில், ரயில்வேயில் வேலை பார்க்கும் தேவநாதன் என்பவர் மகனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். தையில் கல்யாணம். அதற்கு வீரம்மாளை அழைக்க வேண்டும். அவளை வேறொரு பம்பைக்காரர் அழைப்பதைக் கண்ணையனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“மாத்திரை போட்டா எல்லாரும் போயிடுவாங்கன்றீங்க. எல்லாரும் போயிட்டா இவ மட்டும் எங்கிருந்து வருவா? கதவ அடச்சிட்டு விருந்தாளியக் கூப்புடச் சொல்றீங்க.”

பதில் தெரிந்த மாதிரி பேசுவது டாக்டருக்கு எளிதாக இருந்திருக்கும். “அது எனக்குத் தெரியாது, கண்ணையன்” என்றார் அவர். “கூப்பிடாம வந்தவங்களுக்குத்தான் என்கிட்ட மாத்திரை இருக்கு. கூப்பிட்டு வர்றவங்களைப் பத்தி நான் படிச்சதுல ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு எதிரா நான் ஒண்ணும் எழுதித் தரவும் இல்ல.”

கண்ணையன் முனியம்மாளைப் பார்த்தார். அவள், “உக்காரு” என்றாள். உட்கார்ந்தார்.

சில வாரங்கள் எங்கள் வார்டிலேயே இருந்தார். குரல்கள் ஒரேயடியாக நிற்கவில்லை. முதலில் சுவருக்கு அப்பாலிருந்து தெருவுக்குப் போயின. பிறகு அடுத்த வயலில் மல்லாட்டைக் கடலை பிடுங்குகிறவர்கள் பேசிக்கொள்வது போலாயின. ஆவணியில் ஒரு நாள், “என்னமோ பேசறாங்க, இன்னான்னு கேக்க எனக்கும் நேரமில்ல” என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் கேள்விக்குறியை எடுக்கச் சொன்னது அன்றுதான். கண்ணையன் வீட்டுக்குப் போனார். கூழ் குடித்தார், டீக்கடைக்குப் போனார், உத்தரத்திலிருந்து பம்பையை இறக்கினார்.

அங்கேதான் அடுத்த சங்கடம். கை விறைத்திருந்தது. குச்சி விழ வேண்டிய இடத்தில் விழாமல் அரைக்கணம் தாமதித்து விழுந்தது. மருந்தினால் சிலருக்கு அப்படி ஆகும். டாக்டர் அளவைக் குறைத்து, விறைப்புக்கு வேறொரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார். கை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. ஆனால் பழைய கை இன்னும் வரவில்லை. நடுவில் கார்த்திகையும் போய், கல்யாணத்துக்கு ஒரு மாதமே இருந்தது.

மார்கழியில் இருவரும் ஏரிக்கரையில் பழகிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை நன்றாக ஓடியது. பெரியசாமிக்கு ஒரே சந்தோஷம். திடீரென்று கண்ணையன் அடியை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தார், யாரோ கூப்பிட்டாற்போல. பெரியசாமிக்கு விளங்கிவிட்டது. உடுக்கையைக் கீழே வைத்தார்.

“மாமா, மாத்திரைய நிறுத்திட்டியா?”

கண்ணையன் பம்பையின் வாரை இழுத்து முடிந்துகொண்டிருந்தார்.

“வந்துட்டாங்களா?”

“ரெண்டு பேருதான். பரவால்லடா. இவங்க வந்தா வரட்டும். கதவு தொறந்து இருந்தாத்தான் உங்கக்கா வருவா.”

பெரியசாமி நேரே போய் முனியம்மாளிடம் சொன்னார். அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஏரிக்கரைக்கு வந்தாள். அன்று அவள் பேசியதைப் பெரியசாமி எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு முறையும் மாறியதில்லை.

“ஏண்டா, உம் பொண்டாட்டிய உன்னவிட எனக்குத் தெரியும். நான் போட்ட கோலத்த அழிச்சிட்டு எதுக்கவே நின்னு வேற கோலம் போட்டவ அவ. அவ வரணும்னு நெனச்சா ஒரு வெள்ள மாத்திரைக்குப் பயந்துக்கினு நிப்பாளா? அப்பிடிப் பயந்துக்கினு நிக்கிறவளா இருந்தா எனக்கும் அவளுக்கும் என்னாத்துக்குடா அவ்ளோ சண்ட வந்துது?”

கண்ணையன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். “கை வரலன்னா?” என்றார்.

“வர்ற கையில அடி. நாலு அடி கம்மியா விழுந்தா அவ இன்னா கணக்கா கேப்பா?”

அன்றிலிருந்து காலையும் இரவும் மாத்திரையைத் தண்ணீரோடு கொண்டுவந்து, அவர் விழுங்கும்வரை எதிரில் நிற்பது முனியம்மாளின் வேலையாயிற்று. இன்னொன்றும் செய்தாள். அடுத்த நாளே ரயிலேறி விழுப்புரம் போய், சம்பந்தியிடம் தானே விஷயத்தைச் சொன்னாள். மறைத்துவிட்டுப் பிறகு தெரிந்தால் அம்சாதானே கஷ்டப்படுவாள் என்பது அவள் எண்ணம்.

“எந்தம்பி மாத்திரை போட்டுக்கினு இருக்கறான். இப்பவே சொல்லிட்டேன்.”

“இன்னா மாத்திரை?” என்றார் தேவநாதன்.

“காதுல யாராரோ பேசிக்கினே இருந்தாங்க. அத நிறுத்தறதுக்கு.”

தேவநாதன் சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எனக்கும் ரெண்டு கெடைக்குமாம்மா?”

உள்ளேயிருந்து பாத்திரம் விழும் சத்தம் கேட்டதாம். ஆனால் அவர் அதோடு விட்டுவிடவில்லை. பிறகு திண்டிவனம் வந்து டாக்டர் சவுரிராயனைப் பார்த்து, என்ன நோய், விடாமல் மருந்து சாப்பிட்டால் எப்படி இருப்பார் என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். கல்யாணத் தேதியை மாற்றவில்லை.

தையில், முகூர்த்தத்துக்கு முதல் நாள் பிற்பகல், பெருமுக்கல் ஏரிக்கரையில் வீரம்மாளை அழைத்தார்கள். நானும் போயிருந்தேன். கண்ணையன் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பூங்கரகம் ஜோடித்துத் தண்ணீர் ஓரத்தில் வைத்திருந்தது. அம்சா கைகூப்பி நின்றாள்.

பம்பை தொடங்கியது. முதலில் மெதுவாகத்தான் வந்தது. இரண்டொரு அடி பிந்தி விழுந்ததை எல்லாரும் கவனித்தார்கள். பெரியசாமி தன் உடுக்கையை அந்தத் தாமதத்துக்கு ஏற்ப இழுத்து வாசித்தார். கண்ணையன் பாடினார். அவள் வந்த நாள், இரவல் வண்டியில் அவள் கொண்டுவந்த பெட்டி, அம்சா பிறந்த மழை நாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழைத்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒருமுறை நிறுத்தினார். மார்கழியில் செய்தது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். குரல்கள் திரும்பிவிட்டன என்றே நினைத்தேன். பிறகு தலையை நிமிர்த்தி, “ஒருத்தனையும் காணோம்” என்று பெரியசாமியிடம் சொன்னார். “ஏரி மட்டுந்தாண்டா கீது.” சொல்லிவிட்டு மறுபடி குச்சியை எடுத்தார். இம்முறை அடி பிந்தவில்லை.

வந்தது முனியம்மாள் மேல்.

யாரும் எதிர்பார்க்கவில்லை, அவளே எதிர்பார்த்திருக்க மாட்டாள். கூட்டத்தின் பின்னால் படையல் சாமானோடு நின்றவள், கூடையைப் போட்டுவிட்டுக் கூந்தல் அவிழ முன்னால் வந்தாள். கண்ணையன் பம்பையைத் தாழ்த்தி, முறைப்படி கேட்டார்.

“யாரு வந்துருக்கறது? பேரச் சொல்லு.”

“என்னத் தெரியலியா உனக்கு?”

“பேரச் சொல்லணும்.”

“வீரம்மா.”

அம்சா அழத் தொடங்கினாள். அடுத்துக் கண்ணையன் கேட்க வேண்டியது, என்ன குறை என்பது. அவர் வாய் திறக்குமுன் அவள் கேட்டாள்.

“மாத்திர போட்டுக்கினியா?”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்ணையன் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்போல, “போட்டுக்கினேன்” என்றார்.

“ராத்திரிக்கு?”

“இருக்குது. போட்டுக்கறேன்.”

“எம்பொண்ணு நல்லா இருப்பா. என்ன வூட்டுக்குக் கூட்டிக்கினு போ.”

தினமும் மாத்திரை கொடுத்தவள் முனியம்மாள் என்பதை நான் மறந்துவிடவில்லை. சொல்லப்பட்ட சொற்களை மட்டும் இங்கே எழுதுகிறேன். கரகம் வீட்டுக்கு வந்தது. படையல் போட்டார்கள். கற்பூரம் எரிந்து அடங்கியபோது முனியம்மாள் மயங்கி உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு, நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “பாத்தியா, போயும் போயும் எம்மேலதான் வந்துருக்கறா.”

மறுநாள் தாலி கட்டியாயிற்று. அடுத்த மாதம் டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: “கூப்பிடாம யாராவது வந்தாங்களா?”

“இல்ல டாக்டரய்யா.”

“கூப்பிட்டு?”

“வந்தா. பேசினா. போயிட்டா.” கண்ணையன் இன்னொன்றும் சொன்னார். “போனது நல்லா தெரிஞ்சுது. அதான் நிம்மதி.”

அதன்பின் தொழில் மெல்லத் திரும்பியது. 1966ஆம் ஆண்டு ஒருமுறை மருந்தை விட்டு, குரல்கள் வந்து, இரண்டு வாரம் எங்கள் வார்டில் படுத்து எழுந்து போனார். மற்றபடி அந்த வருஷங்கள் முழுவதும் அடித்துக்கொண்டுதான் இருந்தார். பனமலைப் பாஞ்சாலி தன் மகன் கல்யாணத்துக்கு மாமியாரை அழைக்க அவரையே கூப்பிட்டனுப்பினாள். அனுப்பிவிடாமல் அழைக்க மட்டும் வரவேண்டும் என்று ஆள் மூலம் சொல்லியிருந்தாள். கண்ணையன் போனார். பம்பையோடு ஒரு சின்னத் துணி முடிப்பில் ராத்திரி மாத்திரையையும் கட்டிக் கொடுத்து அனுப்பினாள் முனியம்மாள்.